மருந்துப்போலி: சில சொற்களின் வரலாறு

சென்ற ஆண்டு திருவருகைக் காலத்தில் ஒரு மாலை, நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாய் நம்மைத் தேடி வந்தார். கையில் ஒரு நீண்ட உறை. உள்ளே பதினொரு பக்கப் படிவம். அவருக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். அதன் விளைவாக இரவெல்லாம் கால்களில் எரிச்சல். அவர் சிகிச்சை பெறும் மருத்துவமனையில் புதிய மாத்திரை ஒன்றைப் பற்றிய ஆய்வு நடக்கிறதாம். சேர விருப்பமானால் கையொப்பமிட்டுக் கொண்டுவரும்படி சொல்லி அனுப்பியிருந்தார்கள். வீட்டில் மகன் படித்துப் பார்த்துவிட்டுப் புரியவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டான்.

"ஐயா, இதுல போலின்னு ஒரு வார்த்தை வருது. போலி மருந்தையா எனக்குக் கொடுக்கப் போறாங்க? அதுவும் சீட்டுக் குலுக்கிப் போடுற மாதிரின்னு அந்த நர்சம்மா சொன்னாங்க" என்றார்.

படிவம் தமிழில்தான் இருந்தது. பங்கேற்பாளர் 'சமவாய்ப்பு முறையில்' 'ஆய்வுக் குழு'விலோ 'கட்டுப்பாட்டுக் குழு'விலோ சேர்க்கப்பட்டு, 'இருபுறக் குருட்டு முறையில்' மருந்தோ 'மருந்துப்போலி'யோ பெறுவார் என்று அதில் கண்டிருந்தது. முப்பது ஆண்டுகள் தமிழ்ப்பாடம் நடத்தி ஓய்வுபெற்ற நமக்கே அந்த வாக்கியத்தை மூன்று முறை படிக்க வேண்டியிருந்தது. மூன்றாம் முறையும் முழுதாக விளங்கிற்று என்று சொல்ல மாட்டோம். இரண்டு வாரம் பொறுக்கும்படி அத்தாயிடம் கேட்டுக்கொண்டு, அச்சொற்கள் எங்கிருந்து வந்தன என்று தேடலானோம். தேடிச் சென்ற முதற் சொல்லே நம்மைத் திருச்சபையின் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியது.

மருந்துப்போலி என்பது ஐரோப்பிய மொழிகளில் 'பிளசீபோ' என வழங்கும் சொல்லின் தமிழாக்கம். பிளசீபோ தூய இலத்தீன் சொல்; 'நான் மகிழ்விப்பேன்', 'நான் உகந்தவனாவேன்' என்பது அதன் பொருள். நூற்றுப் பதினாறாம் திருப்பாடலின் ஒன்பதாம் வசனத்தில், பழைய இலத்தீன் மொழிபெயர்ப்பு இச்சொல்லை ஆள்கிறது. எபிரேய மூலத்தில் அவ்விடத்தில் இருப்பது 'நடப்பேன்' என்னும் பொருளுள்ள சொல். கிரேக்க மொழிபெயர்ப்பாளர் அதனை 'உகந்தவனாவேன்' என்று கொண்டார். இலத்தீன் அவர் வழியே சென்றது. ஒரு மொழிபெயர்ப்பாளரின் தேர்வு, இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின் மாத்திரைப் புட்டிகளின் பெயராகும் என்று அவர் கனவிலும் கருதியிருக்க மாட்டார்.

இடைக்காலத் திருச்சபையில் இறந்தோருக்கான மாலைப் புகழ் இச்சொல்லைக் கொண்ட முன்மொழியுடன் தொடங்கியது. அதனால் அந்த வழிபாட்டுக்கே 'பிளசீபோ' என்று மக்கள் பெயரிட்டனர். செல்வர் வீட்டுச் சாவில் இதைப் பாட ஆட்கள் வந்து சேர்ந்தனர். பாடினால் காசு கிடைக்கும், இல்லையேல் அடக்க விருந்தில் ஒரு பங்காவது கிடைக்கும். இறந்தவரை அறியாதவரும் உறவினர்போல் வந்து நின்று பாடினர். கூலிக்கு மாரடித்தல் என்று நாம் சொல்வோமே, ஏறக்குறைய அதுதான். நாளடைவில் 'பிளசீபோ பாடுதல்' என்றால் முகத்துதி செய்தல் என்று பொருளாயிற்று. ஆங்கிலக் கவி சாசர், பதினான்காம் நூற்றாண்டில் தம் கதை ஒன்றில் வரும் முகத்துதிக்காரனுக்குப் 'பிளசீபோ' என்றே பெயர் வைத்தார். இறைவனை மகிழ்விக்கப் பிறந்த சொல், மனிதரை மகிழ்விப்போருக்குப் பட்டமாகிவிட்டது.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மருத்துவர்கள் அதனை எடுத்துக்கொண்டனர். நோயைத் தீர்ப்பதற்கென்று அல்லாமல், நோயாளியின் மன நிறைவுக்கென்று கொடுக்கும் மருந்துக்கு அது பெயராயிற்று. 1785-இல் இலண்டனில் வெளிவந்த மருத்துவ அகராதிப் பதிப்பிலேயே அது இடம்பெற்றுவிட்டது. ஆய்வில் அதன் இன்றைய பொருள் இன்னும் பின்னர் வந்தது: உண்மை மருந்தைப் போன்றே நிறமும் வடிவமும் சுவையும் உள்ளதும், மருந்தின் சத்து இல்லாததுமான மாத்திரை அல்லது ஊசி.

இங்கே தமிழாக்கத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லத் தோன்றுகிறது. மருந்துப்போலி நல்ல சொல். நாம் அதைக் குறை கூறவில்லை. பந்தல் என்பதைப் பந்தர் என்றாலும் பொருள் மாறாது என்று காட்டி, இலக்கணத்தார் அதனைப் 'போலி' என்றனர். ஒன்றன் இடத்தில் அதனைப் போன்று நிற்பது என்பதே அவர் கருத்து; அதில் வஞ்சம் ஏதும் இல்லை. ஆனால் போலி மருத்துவர், போலிப் பத்திரம், போலிச் சான்றிதழ் என்று நாளேடுகளில் படித்துப் பழகிய காதுக்கு அச்சொல் வேறு விதமாக ஒலிக்கிறது. அத்தாய் அஞ்சியது படிப்பறிவு போதாமையால் அன்று. சொல்லின் இன்றைய பொருளை அவர் சரியாகவே படித்தார்.

உண்மையைப் போன்ற ஒன்றைக் கொடுத்து உண்மையைக் கண்டறியும் உத்தி மருத்துவரிடம் தொடங்கியதன்று என்பதையும் இத்தேடலில் அறிந்தோம். 1598-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில், மார்த் புரோசியே என்னும் இளம்பெண்ணைப் பேய் பிடித்திருக்கிறது என்று ஊர் ஊராக அழைத்துச் சென்றார்கள். ஆஞ்சே நகர ஆயர் சார்லஸ் மிரோனிடமும் அவள் வந்தாள். அவர் என்ன செய்தார்? மந்திரித்த தீர்த்தத்தைச் சாதாரண நீர்போல அவளுக்குக் குடிக்கக் கொடுத்தார், ஒன்றும் நடக்கவில்லை. சாதாரண நீரைத் தீர்த்தம் என்று சொல்லிக் கொடுத்தார். அவள் துடித்து விழுந்தாள். பேயோட்டும் நூலைக் கொண்டுவரச் சொல்வதுபோலப் பாவனை செய்து, வர்ஜிலின் 'ஈனியட்' காவியத்திலிருந்து ஓர் அடியை இலத்தீனில் படித்தார், அதற்கும் துடித்தாள். ஆயருக்குப் போதிய விடை கிடைத்துவிட்டது. மருத்துவ ஆய்வின் வரலாற்றை எழுதுவோர் சிலர், மருந்துப்போலிச் சோதனையின் முன்னோடிகளாக இத்தகைய திருச்சபைச் சோதனைகளைக் குறிப்பிடுகின்றனர். நம்பிக்கையைக் காக்கும் பொறுப்புள்ள ஓர் ஆயர் ஐயப்படவும் துணிந்தார் என்பது நமக்கு மகிழ்ச்சி தந்தது.

'கட்டுப்பாட்டுக் குழு' என்னும் சொல்லைக் கேட்டவுடன் விலைக் கட்டுப்பாடு, மாசுக் கட்டுப்பாடு என்று ஏதேனும் அரசு வாரியம் நினைவுக்கு வந்தால் வாசகரைக் குறை சொல்ல இயலாது. 'ஒப்பீட்டுக் குழு' என்று எழுதுவோரும் உண்டு; அதுவே தெளிவு. புதிய மருந்தைப் பெறாதவர்கள், அல்லது பழைய மருந்தை மட்டும் பெறுபவர்கள் அவர்கள். அவர்களோடு ஒப்பிட்டால்தான், புதிய மருந்து பெற்றவர் தேறியது மருந்தினாலா, நாள் சென்றதனாலா என்று அறிய முடியும். காய்ச்சல்கள் பல தாமே தணிபவை. தணியும் நாளுக்கு முந்திய நாள் எதைக் குடித்தோமோ அது மருந்தென்று பெயர் பெற்றுவிடுகிறது.

இதன் மிகப் பழைய எடுத்துக்காட்டு நம் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. தானியேல் நூலின் முதல் அதிகாரத்தில், தானியேலும் தோழர் மூவரும் அரசனின் உணவை மறுத்துக் காய்கறியும் தண்ணீரும் கேட்கிறார்கள். பத்து நாள் சோதித்து, அரச உணவு உண்பவர்களோடு தங்கள் முகத்தை ஒப்பிட்டுப் பார்க்கும்படி மேற்பார்வையாளனிடம் சொல்கிறார்கள். ஒப்பீட்டுக் குழு, குறித்த கால அளவு, இறுதியில் பார்வையிடல் ஆகிய மூன்றும் அங்கே உண்டு. கடலில் இதனைச் செய்தவர் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் மருத்துவர். 1747 மே 20-ஆம் நாள், 'சாலிஸ்பரி' என்னும் ஆங்கிலக் கடற்படைக் கப்பலில், ஈறு வீங்கிக் கால் தளர்ந்து கிடந்த ஸ்கர்வி நோயாளிகள் 12 பேரை இருவர் இருவராக 6 பிரிவாக்கினார். அனைவருக்கும் ஒரே இடம், ஒரே உணவு. ஓர் இணைக்கு ஆப்பிள் மது, ஓர் இணைக்குப் புளிக்காடி, ஓர் இணைக்குக் கடல்நீர் என்று வெவ்வேறு மருந்து கொடுத்தார். நாளுக்கு இரண்டு ஆரஞ்சும் ஓர் எலுமிச்சையும் பெற்ற இருவரும் ஆறு நாளில் தேறினர். 1753-இல் இதை நூலாக வெளியிட்டார். ஆங்கிலக் கடற்படை மாலுமிகள் அனைவருக்கும் எலுமிச்சைச் சாறு வழங்க உத்தரவிட்டது 1795-இல். இடைப்பட்ட 42 ஆண்டுகளில் இறந்துபோன மாலுமிகளை நினைத்தால், கண்டுபிடிப்பதைவிட நம்பவைப்பதே கடினம் என்பது விளங்கும்.

'குருட்டு முறை' என்னும் சொல்லைப் படிவத்தில் காண்பது எவர்க்கும் கசக்கும். பார்வையற்றோர்க்கும் அது இழுக்கு. ஆயினும் அச்சொல்லின் பின்னே உண்மையிலேயே ஒரு கண்கட்டு இருக்கிறது. 1784-ஆம் ஆண்டு பாரிசில் மெஸ்மர் என்பவரின் 'விலங்குக் காந்தம்' என்னும் சிகிச்சை பெரும் பரபரப்பாக இருந்தது. அதை விசாரிக்கப் பதினாறாம் லூயி மன்னர் ஒரு குழுவை அமைத்தார். அமெரிக்கத் தூதராக அங்கிருந்த பெஞ்சமின் பிராங்கிளினும் வேதியியல் அறிஞர் லவாசியேவும் அதில் இருந்தனர். பிராங்கிளின் வீட்டுத் தோட்டத்தில் ஒரு மரத்துக்குக் காந்தம் ஏற்றப்பட்டது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கண்ணைக் கட்டி அழைத்து வந்து, வேறு மரங்களைத் தழுவச் செய்தனர். நான்காம் மரத்தருகே அவன் மயங்கி விழுந்தான். காந்தம் ஏற்றிய மரமோ தொலைவில் நின்றது. வேலை செய்தது மரம் அன்று, சிறுவனின் எதிர்பார்ப்பே என்று குழு கண்டது.

நோயாளி மட்டும் அறியாதிருந்தால் ஒருபுறம். கொடுக்கும் மருத்துவரும் அறியாதிருந்தால் இருபுறம். மருத்துவரின் கண்ணை ஏன் கட்டவேண்டும் என்று அத்தாய் கேட்டார். தம் மருந்து வெல்லவேண்டும் என்று விரும்பும் கண் தேறாத நோயாளியிலும் தேர்ச்சியைக் காணும். அதற்குப் பொய் சொல்லும் எண்ணமே வேண்டியதில்லை என்று பதில் சொன்னோம். ஆசிரியராய் இருந்த நாம் இதை அறிவோம். விடைத்தாளில் பெயரை மறைத்து எண் இடுவது ஆசிரியர் திருடர் என்பதால் அன்று. அவரும் மனிதர் என்பதால்.

இனிச் சீட்டுக்கு வருவோம். அத்தாயை மிகவும் வருத்தியது அதுவே. தம் உயிர் சார்ந்த முடிவைச் சீட்டுக்கு விடுவதா? தானியேலும் தோழரும் தாமே முன்வந்தவர்கள். உறுதி மிக்க இளைஞர்கள். அவர்கள் முகப்பொலிவுக்கு உணவுதான் காரணமா, அவர்களின் இயல்பா என்று கேட்க இடமுண்டு. மருத்துவர் பிரித்தாலும் இதே சிக்கல்தான். தேறக்கூடியவர் என்று தோன்றுபவரை, தம்மையும் அறியாமல், புதிய மருந்தின் பக்கம் தள்ளிவிடுவார். இரக்கத்தால் மிகவும் நலிந்தவரை அங்கே சேர்ப்பாரும் உண்டு. இரண்டிலும் ஒப்பீடு கெட்டுப்போகும். மனிதக் கையை விலக்கச் சீட்டைவிட நேர்மையான வழி கிடைக்கவில்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டில், பராந்தக சோழன் காலத்துக் குடவோலை முறையில், ஓலையை எடுக்க வேறுபாடறியாத ஒரு சிறுவனை நிறுத்தியது எதற்காக? யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தேர்ந்தபோது திருத்தூதர்கள் வேண்டிக்கொண்டபின் சீட்டுக் குலுக்கியதை நாம் அலட்சியம் என்று கருதுவதில்லையே.

மருத்துவத்தில் சீட்டை நிலைநாட்டியவர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் என்னும் ஆங்கிலேயர். மருத்துவராக விரும்பியவர்; முதல் உலகப் போரில் விமானியாகச் சென்று காசநோய் பற்றியதால் அந்த வழி அடைபட்டது. அஞ்சல் வழியில் பொருளியல் படித்துப் புள்ளியியலுக்கு வந்தார். ஸ்டிரெப்டோமைசின் என்னும் மருந்து 1943-இல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது. போரில் நலிந்த பிரிட்டனுக்கு அதைப் போதிய அளவு வாங்கப் பணமில்லை. எல்லாருக்கும் கொடுக்க இயலாதபோது யாருக்குக் கொடுப்பது? 1947-இல் தொடங்கிய ஆய்வில், இரு நுரையீரலும் பழுதான இளம் நோயாளிகள் 107 பேருக்கு, ஒட்டப்பட்ட உறைக்குள் இருந்த அட்டை அதைத் தீர்மானித்தது. 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும். 52 பேருக்கு அந்நாளைய வழக்கமான படுக்கை ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் முதற் குழுவில் இறந்தோர் 4 பேர். இரண்டாம் குழுவில் 14 பேர். அங்கே மருந்துப்போலி இல்லை. மாதக்கணக்கில் நாளுக்கு நான்கு முறை வெறும் ஊசி குத்துவது தகாது என்று விட்டுவிட்டனர். நுரையீரல் ஒளிப்படங்களைப் பார்த்து மதிப்பிட்டவர்களுக்கு மட்டும் யார் எக்குழு என்பது மறைக்கப்பட்டிருந்தது.

அதே ஆய்வு ஒரு கசப்பையும் காட்டியது. கிருமி அம்மருந்துக்குப் பழகி எதிர்த்து நின்றது. ஐந்து ஆண்டு கழித்துக் கணக்கெடுத்தபோது இரு குழுவிலும் பாதிக்கு மேற்பட்டோர் இறந்திருந்தனர். ஒரு மருந்து போதாது, கூட்டு மருந்தே வேண்டும் என்னும் பாடம் அங்கிருந்து தொடங்கிற்று. அந்த ஐந்தாண்டுக் கணக்கை எழுதியவர்களில் ஒருவரான வாலஸ் ஃபாக்ஸ் என்பவர்தான் 1956-இல் சென்னைக்கு வந்தார்.

சென்னைச் சேத்துப்பட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை அரசும் உலக நலவாழ்வு நிறுவனமும் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் கூடி அவ்வாண்டு ஓர் ஆய்வு மையம் அமைத்தன. இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று வழங்குவது அதுவே. அந்நாளில் காசநோய் என்றால் ஊருக்கு வெளியே உள்ள நிலையத்தில் ஓராண்டு, ஈராண்டு படுத்திருப்பது. சம்பாதிக்கும் தந்தை சென்றால் வீடு பட்டினி. தாய் சென்றால் பிள்ளைகள் அநாதைகள். படுக்கைகளோ நோயாளிகளில் மிகச் சிலருக்கே போதும். வீட்டிலேயே மருந்து கொடுத்தால் என்ன? நல்ல உணவில்லாத வீட்டில் நோய் தீருமா, சுற்றியிருக்கும் பிள்ளைகளைப் பற்றாதா என்று அஞ்சியவர் பலர். விடை யாருக்கும் தெரியாது. அந்தத் தெரியாமையே சீட்டுக்கு நியாயம். 193 நோயாளிகள் சேர்க்கப்பட்டு, சீட்டின் வழியே, வீட்டிலோ நிலையத்திலோ அதே மருந்துகளை ஓராண்டு பெற்றனர். நிலையத்தில் இருந்தோர்க்கு உணவும் ஓய்வும் மேலாக இருந்தன. அவர்கள் எடையும் கூடுதலாக ஏறினர். ஆனால் ஓராண்டு முடிவில் கிருமி நீங்கியோர் நிலையத்தில் நூற்றுக்கு 92. வீட்டில் நூற்றுக்கு 86. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாரை ஐந்து ஆண்டு தொடர்ந்து பார்த்தும், அவர்களிடையே நோய் கூடுதலாகப் பரவக் காணவில்லை.

92-க்கும் 86-க்கும் இடையே ஆறு இருக்கிறதே என்று வாசகர் கேட்கலாம். அதற்கும் ஒரு சொல் உண்டு: 'புள்ளியியல் முக்கியத்துவம்'. இதுவும் நம்மை ஏமாற்றும் சொல்லே. வாழ்வில் முக்கியம் என்பதன்று அதன் பொருள். தற்செயலால் மட்டுமே நேர்வதற்கு அரிதான வேறுபாடு என்பதே பொருள். ஒரு குழுவுக்கு நூறுபேர் கூட இல்லாத ஆய்வில் ஆறு என்பது சீட்டின் விளையாட்டாகவே இருக்கக்கூடும். 1959-இல் வெளியான இந்த ஆய்வு, உலகெங்கும் காசநோயாளியை வீட்டுக்குத் திரும்பச் செய்தவற்றுள் தலையாயது. அத்தாயின் தந்தையும் 1960-களில் வீட்டிலிருந்தே மருந்துண்டு தேறியவர் என்று பேச்சினிடையே சொன்னார். அவர் தந்தையின் கட்டிலை வீட்டுத் திண்ணையில் போட்டுவைத்தது சேத்துப்பட்டில் எடுத்த சீட்டு என்று நாம் சொன்னபோது, சற்று நேரம் பேசாதிருந்தார்.

மருந்துப்போலியும் தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. 1968 முதல் 1971 வரை அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வுக்காக 2 இலட்சத்து 81 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் தடுப்பூசியோ மருந்துப்போலியோ போடப்பட்டது. வளர்ந்தோரின் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி தடுக்கவில்லை என்பதே நெடுங்கால முடிவு. பலரும் விரும்பாத முடிவு. ஆனால் மறைக்காமல் வெளியிட்டனர். குழந்தைகளின் மூளையுறைக் காசநோய் போன்ற கொடிய வடிவங்களை அது தடுப்பதால், பிறந்த குழந்தைக்கு இன்றும் அது போடப்படுகிறது.

இதுவரை பார்த்த சொற்கள் அனைத்தும் ஒரே வேலையைச் செய்கின்றன: ஆய்வாளரின் ஆசையிலிருந்து உண்மையைக் காக்கின்றன. ஆனால் உண்மையைத் தேடும் தாகமே மனிதரை விழுங்கக்கூடும். அந்தத் தாகத்திலிருந்து நோயாளியைக் காக்க வந்தது 'ஒப்புதல்'. இச்சொல்லுக்கு மட்டும் வரலாறு இரத்தத்தால் எழுதப்பட்டது.

டாகாவு வதைமுகாமில் கிளவுஸ் ஷில்லிங் என்னும் மருத்துவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளுக்கு மலேரியாவைப் புகுத்தி ஆய்வு செய்தார். அவர்களுள் போலந்து நாட்டுக் குருக்கள் பலர். அவர்களில் ஒருவரான அருட்தந்தை லியோ மிகலோவ்ஸ்கி, கொசுக்கூண்டால் மலேரியா ஏற்றப்பட்டார். பின்னர் உறைபனி நீரில் அமிழ்த்தப்பட்டு, உடல் எவ்வளவு குளிரைத் தாங்கும் என்று அளக்கப்பட்டார். எவரும் அவரைச் சம்மதம் கேட்கவில்லை. பிழைத்துவந்த அவர், 1946 டிசம்பரில் நியூரம்பர்க் நகரில் மருத்துவர்கள் மீது நடந்த வழக்கில் சாட்சி சொன்னார். குற்றஞ்சாட்டப்பட்டோர் 23 பேர், குற்றவாளிகளாகக் காணப்பட்டோர் 16 பேர், எழுவருக்குத் தூக்கு. 1947 ஆகஸ்டில் வந்த அத்தீர்ப்போடு பத்து நெறிகள் வகுக்கப்பட்டன. ஆய்வுக்கு உட்படுவோரின் தன்னிச்சையான ஒப்புதல் இன்றியமையாதது என்பது முதல் நெறி. 1952 செப்டம்பரில் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், நரம்புத் திசு மருத்துவ மாநாட்டினருக்கு ஆற்றிய உரையில் இதையே வேறு வழியில் வந்து தொட்டார். நோயாளி கொடுக்கும் உரிமைக்கு மேல் மருத்துவருக்கு அவர்மீது உரிமை இல்லை. அறிவியலின் நன்மையோ சமூகத்தின் நன்மையோ அந்த எல்லையைத் துடைத்துவிடாது என்பது அவ்வுரையின் சாரம்.

நெறி எழுதியவுடன் நடைமுறை மாறிவிடுவதில்லை. நாம் பாராட்டிய ஸ்டிரெப்டோமைசின் ஆய்வு அதே 1947-இல் நடந்தது. ஒப்பீட்டுக் குழுவினருக்குத் தாங்கள் ஓர் ஆய்வில் இருக்கிறோம் என்றே சொல்லப்படவில்லை. அந்நாளில் எவரும் அதைக் குற்றமாகக் கருதவில்லை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலோ இதனினும் கொடியது, நியூரம்பர்க்குக்கு முன்பு தொடங்கி வெகுகாலம் பின்பும் நடந்தது. 1932-இல் டஸ்கீகி என்னும் ஊரைச் சார்ந்து, அரசின் பொது நலவாழ்வுத் துறை, சிபிலிஸ் நோயுள்ள கறுப்பின ஆண்கள் 399 பேரையும் நோயற்றவர் 201 பேரையும் கண்காணிக்கத் தொடங்கிற்று. 'கெட்ட இரத்தம்' என்று மட்டுமே அவர்களிடம் சொல்லப்பட்டது. முதுகுத் தண்டில் ஊசி செலுத்தி நீரெடுத்ததை இலவசச் சிறப்புச் சிகிச்சை என்றார்கள். உடற்கூறு ஆய்வுக்கு உடன்பட்டால் அடக்கச் செலவைத் தருவோம் என்றார்கள்; ஏழைகளுக்கு நல்லடக்கம் எவ்வளவு பெரிது என்பதை நம் கல்லறைத் தோட்டங்களை அறிந்தவர் அறிவர். 1940-களில் பென்சிலின் வந்தது. நோய் தீரும் என்பது தெளிவாயிற்று. ஆனால் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. கொடுத்தால் ஆய்வு கெட்டுவிடுமாம்! அத்துறையிலேயே பணிசெய்த பீட்டர் பக்ஸ்டன் என்பவர் 1966 முதல் மேலிடத்துக்கு எழுதியும் பயனின்றி, செய்தியாளரிடம் சென்றார். 1972-இல் நாளேடுகளில் வெளிவந்த பிறகே ஆய்வு நின்றது. 1997-இல் குடியரசுத் தலைவர் கிளிண்டன் மன்னிப்புக் கேட்டபோது, அவர்களில் உயிரோடு இருந்தவர் 8 பேர்.

இந்தப் பின்னணியில் அந்தப் பதினொரு பக்கங்களை மீண்டும் எடுத்துப் படித்தோம். ஒவ்வொரு சலிப்பூட்டும் வரியின் பின்னும் யாரோ ஒருவர் நிற்கிறார். எந்நேரமும் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சை குறையாது என்று ஒரு வரி. ஆய்வினால் தீங்கு நேர்ந்தால் மருத்துவமும் இழப்பீடும் உண்டு என்று ஒரு வரி. நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டு விதிகள் இவற்றைக் கட்டாயமாக்கியுள்ளன. படிக்கத் தெரியாதவர்க்கு நடுநிலைச் சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். ஆய்வை அனுமதிக்கும் நெறிமுறைக் குழுவில் மருத்துவம் சாராத பொதுமக்களில் ஒருவரேனும் இருக்க வேண்டும் என்றும் அவ்விதிகள் கூறுகின்றன. இறையியலாரும் அக்குழுவில் இடம்பெறலாம் என்பதைக் கண்டு வியந்தோம். நம் குருமடங்கள் இதைக் கவனித்திருக்கின்றனவா என்று தெரிந்துகொள்ள ஆவல்.

ஒப்புதல் என்னும் சொல்லை விளக்க நமக்குப் பெரிய பாடு இருக்கவில்லை. திருமணத்தை உண்டாக்குவது மணமக்களின் ஒப்புதலே. அச்சத்தாலோ வற்புறுத்தலாலோ பெற்ற ஒப்புதல் செல்லாது என்று நம் பங்கின் திருமணத் தயாரிப்பு வகுப்பில் கேட்டவர் அவர். "அப்போ அவங்க கேட்டதுக்காக நான் சரின்னு சொல்லணும்னு இல்ல" என்றார். இல்லை என்றோம். பெரிய மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டாரா என்று அடுத்துக் கேட்டார். அதற்குப் படிவத்தில் விடை இல்லை. வரலாற்றிலும் எளிய விடை இல்லை. வெள்ளை அங்கி முன்னே நிற்கையில் 'இல்லை' என்று சொல்ல நம் மக்களில் எத்தனை பேரால் முடியும்?

அவர் கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு தாளில் எழுதினோம். இப்போது உண்ணும் மாத்திரைகள் தொடருமா? எரிச்சல் பொறுக்க முடியாமற் போனால் என்ன செய்வார்கள்? ஆய்வு முடிந்து அந்த மாத்திரை நல்லது என்று கண்டால் அவருக்கும் கிடைக்குமா? அடுத்த வாரம் அவர் மகனுடன் சென்றார். மருத்துவர் இளைஞர், கோபிக்கவில்லை. பழைய மாத்திரைகள் இரு குழுவினருக்கும் தொடரும். வலி மிகுந்தால் வேறு மருந்து உண்டு என்று விளக்கினார். மூன்றாம் கேள்விக்கு மட்டும், நிறுவனத்தைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாராம். இரண்டு நாள் சென்று தொலைபேசியில் அழைத்து விடையும் சொன்னார். புதிய மாத்திரை நல்லதுதானா என்று அத்தாய் நேரடியாகவே கேட்டதற்கு, "தெரியாதும்மா, அதுக்காகத்தான் இந்த ஆய்வு" என்றிருக்கிறார்.

தவக்காலத் தொடக்கத்தில் அவர் கையொப்பமிட்டார். இப்போது மாதம் ஒருமுறை சென்று ஒரு புட்டி மாத்திரை வாங்கி வருகிறார். எரிச்சல் சற்றுக் குறைந்திருப்பதுபோல் தோன்றுகிறது என்கிறார்; சில இரவுகளில் அப்படித் தோன்றவில்லை என்றும் சொல்கிறார். புட்டியில் இருப்பது மருந்தா, மருந்துப்போலியா என்று அவருக்கும் தெரியாது; அதைக் கொடுக்கும் மருத்துவருக்கும் தெரியாது.